பறவை தரும் உரம்
(வடமதுரை வட்டார உழவர்களுக்கு ஆற்றிய உரை)



கோழிக் கொட்டகைப் பக்கம் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம் அல்லவா? அந்த நெடி அம்மோனியா. உங்கள் பயிருக்குச் சேர வேண்டிய தழைச்சத்துதான் அப்படிக் காற்றோடு போகிறது. அதைக் காப்பது எப்படி என்று இன்று பார்ப்போம்.

பறவை எச்சத்தின் அருமையை நம் முன்னோர் நன்கறிவர். செங்கற்பட்டு மாவட்டம் வேடந்தாங்கலில், ஏரிக்குள் நிற்கும் மரங்களில் ஆண்டுதோறும் நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன. எச்சம் கலந்த ஏரி நீர் நெல் வயலுக்குப் பாய்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அப்பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றார்கள்.

பாரசீகம் என்னும் ஈரான் நாட்டிலோ தண்ணீர் அரிது. அங்கே இஸ்பஹானைச் சுற்றிய சிற்றூர்களில், 16, 17-ஆம் நூற்றாண்டுகளில், மண் செங்கல்லால் புறாக் கோபுரங்கள் எழுப்பினார்கள். உட்சுவர் எங்கும் மாடங்கள். புறாக்கள் வெளியே இரை தேடி, இரவில் வந்து தங்கும். மழையும் வெயிலும் படாமல் அடியில் சேர்ந்த எச்சத்தை அள்ளி முலாம்பழத் தோட்டங்களுக்கு இட்டார்கள். ரசாயன உரம் வந்தபின் கோபுரங்கள் கைவிடப்பட்டன. ஆனால் அவை சொல்லும் பாடம் பழையதாகவில்லை. எருவுக்குக் கூரை வேண்டும்.

நாம் கோபுரம் கட்ட வேண்டியதில்லை. 1 டன் தொழு உரத்தில் சுமார் 5 கிலோ தழைச்சத்து உண்டு. நன்கு காத்த ஆழ்கூளக் கோழி எருவில் சுமார் 30 கிலோ உண்டு. மழையில் நனையவிட்டால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

எனவே இவற்றைச் செய்யுங்கள்:

1. எருவை மேட்டு நிலத்தில், கூரை நிழலில் குவியுங்கள்.

2. தென்னை நார்க்கழிவு அல்லது நறுக்கிய சோளத்தட்டை கலந்து மக்க வையுங்கள். சிறிது சூப்பர் பாஸ்பேட் தூவினால் தழைச்சத்து வீணாவது குறையும்.

3. ஈரம் இருக்கட்டும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. 3 வாரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். சுமார் 3 மாதத்தில் நெடி போய் மண்வாசனை வரும். அதுவே பதம்.

4. பச்சை எருவைச் செடியடியில் இடாதீர்கள், வேர் கருகும்.

5. கோழி எச்சமோ புறா எச்சமோ, அள்ளும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

தக்காளிக்கும் கத்தரிக்கும் கடைசி உழவில் இந்த மக்கிய எருவை இட்டுப் பாருங்கள். உர மூட்டைக்கு ஆகும் செலவு குறையும். செம்மண்ணில் ஈரமும் நிற்கும்.