மதகின் சாவி யார் கையில்?

(ஆரணியில் நடந்த விவசாயிகள் – நெசவாளர்கள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



இப்போ எந்த மேடையில் பார்த்தாலும் "நிலைத்த வளர்ச்சி" என்கிறார்கள். நாலு மரக்கன்று நடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். மறுநாள் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. நிலைத்து நிற்க வேண்டியது எது? அவர்கள் திட்டமா, நம்ம ஏரியா?

பக்கத்திலேயே பாருங்கள். செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்கு மேல்மா சுற்றுவட்டாரத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் எடுக்கக் கிளம்பினார்கள். 2023 ஜூலையில் மக்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். நவம்பரில் 7 பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. நாடே கேள்வி கேட்ட பிறகுதான் 6 பேர் மீதானது ரத்தானது. நிலத்தைக் காப்பாற்று என்றவன் குண்டனாம்! அதே ஆண்டு ஏப்ரலில் சட்டமன்றத்தில் விவாதமே இல்லாமல் நில ஒருங்கிணைப்புச் சட்டம் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டம் என்றால், அதற்குள் வரும் ஏரி, ஓடையையும் சேர்த்து ஒப்படைக்க வழி செய்கிற சட்டம் அது.

"தறிக்காரனுக்கு இதில் என்ன?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். கச்சாப் பட்டை சோப்பு, சோடா போட்டுக் கொதிக்க வைத்தால் எடையில் ஏறக்குறைய கால் பங்கு பசையாகக் கரைந்து தண்ணீரோடு போகிறது. அப்புறம் சாயம், அப்புறம் அலசல். நல்ல தண்ணீர் இல்லாமல் பட்டுக்கு மினுமினுப்பு ஏது? அந்தக் கழிவு நீரை எங்கே விடுகிறோம் என்பது வயலுக்கும் கிணற்றுக்கும் உயிர்ப் பிரச்சினை. அதேபோல, வயலில் நாம் அடிக்கிற பூச்சிமருந்து மல்பெரி இலையில் பட்டால் பட்டுப்புழு போச்சு. ஆக, ஒருவன் கை இன்னொருவன் சோற்றில் இருக்கிறது.

திருப்பூரை மறக்காதீர்கள். பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. "அணையைத் திறக்காதே" என்று விவசாயியே சொல்லும் நிலை வந்தது. நொய்யல் விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. முதலில் வயல் போனது, பிறகு வேலை போனது. அந்தக் கதி ஆரணிக்கு வர வேண்டாம்.

நம்ம தப்பையும் பேசணும். என் கிணறு வற்றியதும் நான் போர் போட்டேன். பக்கத்து நிலத்துக்காரர் என்னைவிட ஆழமாகப் போட்டார். கடைசியில் இரண்டு பேருக்கும் வந்தது புழுதிதான், கடன்தான். ஏரியைத் தூர் வாரச் சேர்ந்து நின்றிருந்தால் அந்தப் பணம் மிச்சம்.

உத்திரமேரூர் இங்கிருந்து ரொம்ப தூரமில்லை. அங்கே 919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் இருக்கிறது. குடவோலை போட்டு ஆள் எடுத்தார்கள். ஆனால் நிலமில்லாதவனுக்கும் பெண்ணுக்கும் அதில் இடமில்லை. நமக்கு வேண்டியது எல்லாரும் உட்கார்கிற ஏரி வாரியம். விவசாயி, கூலித் தொழிலாளி, நெசவாளி, சாயம் போடுகிறவர், ஆண், பெண் எல்லாரும். ஏரியில் எவ்வளவு தண்ணீரோ அதைப் பார்த்து நெல்லா, கேழ்வரகா, கடலையா என்று ஊர் கூடி முடிவு செய்ய வேண்டும். இலையில் மருந்து தெளிப்பது அவர்கள் வளர்ச்சி. வேரில் தண்ணீர் விடுவது நம் வளர்ச்சி.

அரசே, கேள்:

1. நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைத் திரும்பப் பெறு!
2. கிராம சபை ஒப்புதல் இல்லாமல் ஒரு சென்ட் விளைநிலத்தையும் எடுக்காதே!
3. ஏரி, வரத்துக்கால்வாய் ஆக்கிரமிப்புகளை 2007-ம் ஆண்டுச் சட்டப்படி அகற்று!
4. சாயக்கழிவு சுத்திகரிப்பை அரசு செலவில் செய். நெசவாளி தலையில் கட்டாதே!

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு வீட்டுக்கு இரண்டு பேர் வாருங்கள். தீர்மானத்தை எழுத வைத்து, படித்துப் பார்த்து, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடாதீர்கள்.

ஏரி நம்மது! மதகின் சாவியும் நம்மது!