யானைக்கால் நோயும் மனத்தளர்ச்சியும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். தாராசுரத்திலும் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும் யானைக்கால் நோய் கண்ட முதியோரை நாம் அறிவோம். திருமணம், திருவிழா, பொதுக்கூட்டம் எதற்கும் அவர்களுள் பலர் வருவதில்லை. நடக்க இயலாமையால் அன்று; நாணத்தால்.

சாக்கடையிலும் தேங்கிய அழுக்கு நீரிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு இந்நோயைப் பரப்புகிறது. கொசுவின் பங்கை 1877இல் பாட்ரிக் மான்சன் கண்டறிந்தார். உடலினுள் புகுந்த புழுக்கள் நிணநீர் நாளங்களில் தங்கி அவற்றைக் கெடுக்கின்றன. இளமையில் தொற்றிய நோய் பல ஆண்டுகள் கழித்தே வீக்கமாக வெளிப்படும். இதனை முற்பிறவிப் பாவம் என்போர் இன்றும் உளர். பிறவியைக் காட்டி நம்மைத் தாழ்த்தியதை மறுத்து எழுந்த நாம், அதே பிறவிக் கதையை நம் வீட்டு நோயாளியின்மீது சுமத்தலாமா?

நோயாளியை வாட்டுவது வீக்கம் மட்டுமன்று. திடீரென நடுக்கத்தோடு காய்ச்சல் வரும், நெறி கட்டும், கால் சிவந்து எரியும். சில நாள் கூலி போய்விடும். அடுத்த காய்ச்சல் என்றைக்கோ என்ற அச்சம் மனத்தைவிட்டு அகலுவதில்லை. அச்சத்தால் வெளியே செல்வது குறையும். தனிமையால் சோர்வு மிகும். சோர்வுற்றவர் காலைக் கழுவவும் மனமின்றி இருப்பார். மீண்டும் காய்ச்சல் வரும். வீட்டாரும், பரிவினால்தான், “நீ சும்மா இரு” என்று கையிலுள்ள வேலையெல்லாம் வாங்கிக்கொள்கின்றனர். வேலையோடு வீட்டில் அவருக்கிருந்த மதிப்பும் போய்விடுகிறது. இதனை நாம் உணர்வதேயில்லை.

அக்காய்ச்சலுக்குப் பெரும்பாலும் காரணம், தோல் வெடிப்பிலும் விரலிடுக்குப் புண்ணிலும் நுழையும் கிருமிகளே. ஆகவே அதனைப் பெரிதும் தடுக்க இயலும். நாள்தோறும் சோப்பும் தூய நீரும் கொண்டு மெல்லக் கழுவவேண்டும். விரலிடுக்கு உட்பட ஈரம் போகத் துணியால் ஒற்றவேண்டும். புண்ணுக்கு மருத்துவர் தந்த களிம்பைத் தடவவேண்டும். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலைச் சற்று உயர்த்தி வைக்கலாம். கணுக்காலை மடக்கி நீட்டலாம். நடவுச் சேற்றில் நின்றவர் கரையேறியதும் கழுவுவது இன்றியமையாதது. வீக்கத்தையே கரைத்துவிடுவதாகத் தைலம் விற்போரிடம் பணத்தை இழக்கவேண்டா.

காலின் அளவுக்குத் தைத்த செருப்பும் வேண்டும். செருப்பணிந்து தெருவில் நடக்கும் உரிமையே மறுக்கப்பட்ட முன்னோரின் வழிவந்தவர்கள் நாம். முதியவர் சிலர் இன்றும் கூசி வெறுங்காலோடு நடக்கின்றனர். அவர்களுக்குச் செருப்பு இன்று மருந்துமாகும்.

ஆண்டுக்கொருமுறை டி.இ.சி. மாத்திரை வழங்கும் திட்டம் 2004இல் நாடு தழுவியதாக விரிந்தது. அது நோய் பரவுவதைத் தடுக்க; முற்றிய வீக்கத்தை அது போக்காது. அண்டை நாடாகிய இலங்கை, இந்நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக 2016இல் உலகச் சுகாதார நிறுவனத்தால் ஏற்கப்பட்டது. எனினும் ஏற்கெனவே வீங்கிய கால்களுக்கு நாள்தோறும் கவனிப்பு தேவையே.

இளைஞர்களே, உங்கள் தெருவில் இத்தகையோர் எத்தனை பேர் என்று அறியுங்கள். குனிந்து பாதத்தை எட்ட இயலாதவருக்கு மாலையில் ஒருவர் கழுவிவிடலாம். காய்ச்சல் கண்டவரை உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரவுப் பாடசாலையில் சிறுவருக்கு வாய்ப்பாடு கேட்பதை உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய முதியவர் உண்டு, அவரைக் கேளுங்கள். அடுத்த கூட்டத்திற்கு அவரை நேரில் சென்று அழைத்து வாருங்கள். காலை நீட்டி அமர முன்வரிசையில் ஓர் இடம் ஒதுக்குங்கள்.