எழுதியது தேடுபவர் கைக்குச் சேர வேண்டும்



கடையில் வாங்கிய கணினியில் கோளாறு வந்தால் கஸ்டமர் கேர் எண்ணுக்குப் போன் செய்கிறோம். யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் கட்டற்ற மென்பொருளுக்குப் பெரும்பாலும் அப்படி ஒரு எண் கிடையாது. அவற்றில் பல, எந்தெந்த நாட்டிலோ இருக்கும் தன்னார்வலர்கள், பிழைப்புக்கான வேலையை முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் எழுதித் தருபவை. நமக்குச் சந்தேகம் வருகிற நேரத்தில் அவர்கள் தூங்கிக்கொண்டிருக்கலாம். அப்போது நமக்குத் துணை, அவர்கள் எழுதி வைத்திருக்கும் குறிப்புகள்தான். பல குழுக்கள் அந்தக் குறிப்புகளை விக்கியில் வைத்திருக்கின்றன. அந்த விக்கியை எப்படி ஒழுங்குபடுத்துவது, அதற்குள் எப்படி வழி கண்டுபிடிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

விக்கி என்றதும் நமக்கு விக்கிப்பீடியா நினைவுக்கு வரும். அது 2001இல் வந்தது. அதற்கு முன்பே, 1995 மார்ச் 25 அன்று, அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் முதல் விக்கியைத் தொடங்கிவிட்டார். நிரலாளர்கள் தங்கள் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளத்தான் அதை உருவாக்கினார். படிக்கிற பக்கத்தை அங்கேயே திருத்தலாம். பிறகு, விக்கிப்பீடியாவுக்காக எழுதப்பட்ட மீடியாவிக்கி என்ற மென்பொருளும் கட்டற்றதாகவே வெளிவந்ததால், பல மென்பொருள் குழுக்கள் அதை எடுத்துத் தங்கள் குறிப்புகளுக்குப் பயன்படுத்தின.

யாரும் எழுதலாம் என்பதால் விக்கி விரைவாக வளர்கிறது. அதே காரணத்தால் அது விரைவாகக் கலைந்தும் போகிறது. ஒரே விஷயத்தை மூன்று பேர் மூன்று பக்கங்களில் எழுதுவார்கள். மென்பொருளின் புதிய பதிப்பு வந்ததும் ஒரு பக்கம் மட்டும் திருத்தப்படும். மற்ற இரண்டும் பழைய கட்டளையையே சொல்லிக்கொண்டிருக்கும். புதிதாக வருபவருக்கு எது சரி என்று தெரியாது. பழைய கட்டளையை நம்பி இயக்கி, இருந்ததையும் கெடுத்துக்கொள்வார். மென்பொருள் ஆவணங்களில் எழுதாமல் விட்டதைவிட, எழுதிவிட்டுக் கவனிக்காமல் விட்டதுதான் அதிகக் கேடு செய்கிறது.

இதைச் சிறப்பாகச் சமாளித்து வரும் ஒரு குழுவைப் பார்ப்போம். ஆர்ச் லினக்ஸ் என்பது 2002இல் ஜட் வினெட் என்ற நிரலாளர் தொடங்கிய ஓர் இயங்குதளம். அதன் விக்கிக்கு ஆர்ச்விக்கி என்று பெயர். வேறு வகை லினக்ஸ் பயன்படுத்துபவர்களும் சிக்கல் வந்தால் அங்கே போய்ப் படிக்கிறார்கள். அந்த நம்பிக்கை தானாக வந்துவிடவில்லை.

அங்கே ஒரு மென்பொருளைப் பற்றிய பக்கத்தைத் திறந்தால், பெரும்பாலும் ஒரே வரிசை இருக்கும். முதலில் நிறுவுவது, அடுத்து அமைப்புகளைச் சரிசெய்வது, பிறகு பயனுள்ள உத்திகள், அதன் பின் சிக்கல்களும் தீர்வுகளும், கடைசியில் மேலும் படிக்க இணைப்புகள். சில பக்கங்களைப் படித்துப் பழகியவருக்கு அடுத்த பக்கத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. கட்டளைகளை எழுதுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. ஹேஷ் குறியோடு தொடங்கினால் அந்தக் கட்டளையை நிர்வாகி உரிமையோடு இயக்க வேண்டும். டாலர் குறியோடு தொடங்கினால் சாதாரணப் பயனராகவே இயக்கலாம். இதையெல்லாம் விளக்க, விக்கியை எப்படிப் படிப்பது என்று தனியாகவே ஓர் உதவிப் பக்கம் வைத்திருக்கிறார்கள். புதிதாகச் செல்பவர்கள் முதலில் அதைப் படித்துவிடுவது நல்லது.

எழுதுபவர்களுக்கு அங்கே மூன்று அடிப்படை விதிகள் உண்டு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று ஒரு வரிச் சுருக்கம் எழுத வேண்டும். சிக்கலான மாற்றங்களை ஒரே மூச்சில் செய்யாமல் பகுதி பகுதியாகச் செய்ய வேண்டும். ஒரு பக்கத்தைப் பெரிய அளவில் மாற்றி எழுதுவதற்கு முன் அதைப் பற்றி விவாதிப்பதற்கான பேச்சுப் பக்கத்தில் அறிவிக்க வேண்டும். மூன்றும் அடுத்தவரை மதிக்கும் விதிகள். நமக்குப் பின்னால் வந்து பக்கத்தின் வரலாற்றைப் பார்ப்பவருக்கு நம் மனத்தில் இருந்த காரணம் தெரிய வேண்டும். அது தெரிந்தால்தான் அவரால் நம் தவறைக்கூடச் சரியாகத் திருத்த முடியும்.

ஆர்ச்விக்கியில் ஒரு காலத்தில் நிறுவும் முறைக்கு இரண்டு வழிகாட்டிகள் இருந்தன. ஒன்று சுருக்கமானது, மற்றது தொடக்கநிலையாளர்களுக்கு விரிவாக எழுதியது. இரண்டிலும் பெரும்பகுதி ஒன்றே. எது மாறினாலும் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும். நீண்ட விவாதத்துக்குப் பிறகு இரண்டையும் ஒன்றாக்கினார்கள். விரிவான விளக்கங்களை அந்தந்தத் தலைப்பின் தனிப் பக்கங்களுக்குக் கொண்டுபோய் இணைப்பு கொடுத்தார்கள். உழைத்து எழுதியவர்களுக்கு அது எளிதான முடிவாக இருந்திருக்காது. ஆனாலும் ஒரு செய்திக்கு ஓர் இடம், மற்ற இடங்களில் இணைப்பு என்ற கொள்கைதான் ஒரு விக்கியை நீண்ட நாள் வாழவைக்கிறது.

இனி, வழி கண்டுபிடிப்பதைப் பார்ப்போம். பலர் தேடல் பெட்டியோடு நின்றுவிடுகிறார்கள். மீடியாவிக்கியில் அதற்கு மேலும் கருவிகள் இருக்கின்றன. தன்னார்வலர்களின் மொழிபெயர்ப்பால் அவை தமிழிலும் கிடைக்கின்றன. பக்கத்தின் அடியில் பகுப்பு என்று ஒரு வரி இருக்கும். அதைச் சொடுக்கினால் அதே துறையின் மற்ற பக்கங்கள் வரிசையாக வரும். ஒரு பக்கம் ஒன்றுக்கு மேற்பட்ட பகுப்புகளில் இருக்கலாம். ப்ளூடூத் ஹெட்செட் பற்றிய பக்கத்தை ஒலி வழியாகத் தேடி வருபவரும் அடையலாம், ப்ளூடூத் வழியாக வருபவரும் அடையலாம். இப்பக்கத்தை இணைத்தவை என்று ஒரு கருவி உண்டு. இந்தப் பக்கத்தைச் சுட்டும் மற்ற பக்கங்களை அது காட்டும். மக்கள் ஒரே பொருளை வெவ்வேறு பெயரில் தேடுவார்கள். அவர்களுக்காக வழிமாற்றுப் பக்கங்கள் இருக்கின்றன. எந்தப் பெயரில் தேடினாலும் சரியான கட்டுரைக்குக் கொண்டுசேர்க்கும்.

பராமரிப்பவர்களுக்கும் பட்டியல்கள் உண்டு. எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பில்லாமல் தனித்துக் கிடக்கும் பக்கங்களை ஒரு பட்டியல் காட்டும். பல இடங்களில் இணைப்பு கொடுத்தும் இன்னும் யாரும் எழுதாத பக்கங்களை இன்னொன்று காட்டும். என்ன எழுதலாம் என்று கேட்பவருக்கு அந்த இரண்டாவது பட்டியலே பதில். திருத்த நேரமில்லை என்றாலும், காலாவதியானது, சரிபார்க்க வேண்டியது, வேறு பக்கத்தோடு இணைக்க வேண்டியது என்று வார்ப்புரு எனப்படும் ஆயத்தக் குறிப்பு ஒன்றைப் பக்கத்தின் மேலே இட்டுவிடலாம். படிப்பவருக்கு அது எச்சரிக்கை. அடுத்து வரும் தன்னார்வலருக்கு அது வேலைப் பட்டியல்.

பக்கத்தை எழுதத் தொடங்கும்போது ஒரு கேள்வி உதவும்: படிக்க வருபவர் எந்த நிலையில் வருகிறார்? மென்பொருள் ஆவணங்களைப் பற்றி ஆழமாகச் சிந்தித்த டேனியலே புரோசிடா, அவற்றை நான்கு வகையாகப் பிரிக்கிறார்: கற்றுக்கொள்ள வருபவருக்கான பாடம், ஒரு வேலையை முடிக்க வருபவருக்கான செய்முறை, விவரம் சரிபார்க்க வருபவருக்கான தொகுப்பு, ஏன் இப்படி என்று புரிந்துகொள்ள வருபவருக்கான விளக்கம். நான்கையும் ஒரே பக்கத்தில் கலந்தால், அவசரமாக வந்தவர் ஒரு கட்டளைக்காக வரலாறு முழுவதையும் தாண்ட வேண்டியிருக்கும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2008இல், ஜென்டூ என்ற இன்னொரு வகை லினக்ஸின் பயனர்களுக்குப் பெரிதும் உதவிய, அதிகாரபூர்வமற்ற ஒரு விக்கியின் தரவுத்தளம் அழிந்துபோனது. முறையான காப்பு நகல் இல்லாததால், பலர் எழுதிச் சேர்த்த கட்டுரைகள் அதோடு போயின. எவ்வளவு நன்றாக அடுக்கினாலும், நகல் ஒன்று வேறிடத்தில் பத்திரமாக இல்லையென்றால் பயனில்லை.

எல்லாக் குழுவுக்கும் விக்கிதான் ஏற்றது என்றும் இல்லை. இணைய நிரலாளர்கள் நாடும் மொசில்லாவின் எம்டிஎன் ஆவணங்கள் வெகுகாலம் விக்கியாக இருந்தன. 2020 டிசம்பரில் அதைக் கைவிட்டு, ஒவ்வொரு மாற்றத்தையும் இன்னொருவர் படித்து ஒப்புக்கொண்ட பிறகே சேர்க்கும் முறைக்கு மாறினார்கள். தரம் காக்க அது உதவும். ஆனால் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த வருபவருக்கு வாசல் சற்று உயர்ந்துவிடும். எது வேண்டும் என்பதை அந்தந்தக் குழு தன் ஆள்பலத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

நேயர்களே, இந்த ஒழுங்குபடுத்தும் வேலைக்குப் பெரிய பெயர் கிடைப்பதில்லை. புதிய வசதியை எழுதிய நிரலாளரைப் பாராட்டுகிறோம். உடைந்த இணைப்புகளைச் சரிசெய்தவரை யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் அந்த வசதி உண்மையில் ஒருவருக்குப் பயன்பட்டதற்கு இருவரும் சம அளவில் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதில் சேர நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பல விக்கிகளில், தமிழ் விக்கிப்பீடியாவிலும்கூட, பழகிப் பார்க்க மணல்தொட்டி என்று ஒரு பக்கம் உண்டு. அங்கே கைபழகுங்கள். அடுத்த முறை ஒரு விக்கிப் பக்கம் உங்கள் சிக்கலைத் தீர்த்துவைத்தால், அதில் பழையதாகிப்போன ஒரு வரியையாவது திருத்தி, ஏன் திருத்தினீர்கள் என்று சுருக்கம் எழுதிச் சேமியுங்கள். அதே சிக்கலோடு அங்கே வரப்போகும் அடுத்தவருக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருக்கலாம்.