பாடத் தெரிவும் ஆலோசகர் துணையும்

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிய பிள்ளையைக் கண்டதும் உற்றாரும் அயலாரும் முதலிற் கேட்பது, "எந்தப் பாடத்தைச் சிறப்பாகக் கற்கப் போகிறாய்?" என்பதே. விடை உடனே வந்தாற் கேட்டவர் மனநிறைவு கொள்வர். "இன்னும் முடிவு செய்யவில்லை" என்று அப்பிள்ளை கூறுமாயின் அவர் முகம் சிறிது மாறும். கல்வியிற் கருத்தில்லாத பிள்ளை என்றோ, உறுதியற்ற மனமுடைய பிள்ளை என்றோ எண்ணிக்கொள்வர். காலப்போக்கில் அப்பிள்ளையும் தன்னைப் பற்றி அவ்வாறே எண்ணத் தொடங்கிவிடுகின்றது. முடிவு செய்யாமை ஒரு குறை என்னும் இக்கருத்து எத்துணை பொருத்தமானது என்பது ஆராயத்தக்கது.

ஐக்கிய அமெரிக்காவிற் கல்லூரி புகும் மாணவர் தம் முதன்மைப் பாடத்தை நுழைவாயிலிலேயே கூற வேண்டும் என்னும் கட்டாயம் பல இடங்களில் இல்லை. இரண்டாம் ஆண்டின் இறுதிவரை காலங் கொடுப்பது அங்கே பெருவழக்கு. அந்நாட்டு அரசின் கல்விப் புள்ளிவிபர நிலையம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையொன்று, 2011–12ஆம் கல்வியாண்டிற் படிப்பைத் தொடங்கியோரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியது. பாடத்தைத் தெரிந்து அறிவித்தவர்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினர் அதற்குள் ஒரு தடவையேனும் அதனை மாற்றிக்கொண்டனர். பத்தில் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை மாற்றினர். கணிதத்தை முதலில் அறிவித்தவர்களிலோ 52 விழுக்காட்டினர் வேறு பாடத்துக்குச் சென்றனர். முடிவு செய்தவரெனப் பெயர் பெற்றவருட் பலர், தம் ஐயத்தை வெளியிற் சொல்லாதவரே என்பது இதனாற் புலனாகும்.

இவ்வாறு ஐயுற்று நிற்கும் மாணவனுக்கு நல்லாசிரியர் ஒருவர் எவ்வாறு துணை நிற்கலாம் என்பதற்குச் சாள்ஸ் டார்வினின் கல்லூரி நாட்கள் சிறந்த விளக்கமாகும். கூர்ப்புக் கொள்கையை வகுத்த அறிஞராக அவரை நேயர்கள் அறிவர். இங்கு வேண்டப்படுவது அக்கொள்கை அன்று. இருபது வயதளவில் அவர் இருந்த நிலையாகும்.

டார்வினின் தந்தையார் மருத்துவர். மகனும் மருத்துவனாதல் வேண்டும் என்பது அவர் தீர்மானம். 1825ஆம் ஆண்டில், பதினாறு வயதில், டார்வின் எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டார். சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து வழக்கில் வராத காலம் அது. அங்கு அவர் இரண்டு சத்திரசிகிச்சைகளைக் காணச் சென்றார். அவற்றுள் ஒன்று குழந்தையொன்றுக்குச் செய்யப்பட்டது. இரண்டும் முடியுமுன்னரே வெளியே ஓடிவிட்டார். பின்னர் அவ்வறைப் பக்கம் அவர் செல்லவேயில்லை. புவிச்சரிதவியல் விரிவுரைகளோ அவருக்கு எல்லையற்ற சலிப்பைத் தந்தன. அத்துறை நூலொன்றையும் இனித் தொடுவதில்லை என்று உறுதி பூண்டார். இரண்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. மருத்துவம் மகனுக்கு ஆகாது என்பதை உணர்ந்த தந்தையார், அவரைத் திருச்சபைக் குருவாக்கத் துணிந்து கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். 1828இன் தொடக்கத்தில் அங்குச் சேர்ந்த டார்வின் வண்டு பிடிப்பதிலும் வேட்டையாடுவதிலுமே பெரும்பொழுதைப் போக்கினார். இக்காலத்துக் கல்லூரி அலுவலகமொன்றில் அவர் பெயர் எந்தப் பட்டியலில் இடம்பெற்றிருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று.

அங்கேதான் அவருக்கு ஜோன் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோவின் தொடர்பு கிட்டியது. ஹென்ஸ்லோ தாவரவியற் பேராசிரியர். முன்னர்க் கனிப்பொருளியற் பேராசிரியராயிருந்து பின்னர்த் தாவரவியலுக்கு வந்தவர். துறை மாறுதலை இழுக்கெனக் கருதாமைக்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். கிழமைக்கு ஒருமுறை மாலைப்பொழுதில் அவர் தம் இல்லத்தை மாணவர்க்குத் திறந்து வைத்தார். அவர்களை வயல்வெளிகளுக்கும் ஆற்றங்கரைகளுக்கும் அழைத்துச் சென்று செடிகொடிகளைக் காட்டினார். டார்வின் அவருடன் நாள்தோறும் நெடுந்தூரம் நடந்து செல்லலானார். 'ஹென்ஸ்லோவுடன் நடப்பவர்' என்றே அவரைக் கல்லூரி ஆசிரியர் சிலர் சுட்டினர்.

"நீ என்னவாகப் போகிறாய்?" என்ற கேள்வியை வற்புறுத்துவதற்குப் பதிலாக, ஹென்ஸ்லோ செய்வதற்கு வேலைகளைக் கொடுத்தார். இளைஞன் எதனைச் செய்யும்போது சோர்வடைகின்றான், எதனைச் செய்யும்போது பொழுது போவதை மறக்கின்றான் என்பதை அருகிலிருந்து கண்டார். டார்வின் 1831இல் பட்டத் தேர்வை முடித்ததும், புவிச்சரிதவியலைக் கற்குமாறு தூண்டினார். எடின்பரோவில் வெறுத்தொதுக்கிய அதே துறை! ஒரு பாடத்தை வெறுப்பதும், அப்பாடம் கற்பிக்கப்பட்ட முறையை வெறுப்பதும் வேறு வேறு என்பதை ஹென்ஸ்லோ அறிந்திருந்தார் போலும். தாம் அத்துறையைக் கற்பிக்க முற்படாது, பேராசிரியர் அடம் செட்ஜ்விக்கிடம் டார்வினை ஒப்படைத்தார். அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் ஆசிரியரும் மாணவரும் வட வேல்ஸ் மலைப்பகுதிகளில் பாறைகளை ஆராய்ந்து திரிந்தனர். புத்தகத்திற் சலிப்பூட்டிய புவிச்சரிதவியல் மலைச்சாரலில் வேறாகத் தோன்றியது.

அப்பயணத்திலிருந்து வீடு திரும்பியபோது ஹென்ஸ்லோவின் கடிதம் காத்திருந்தது. 'பீகிள்' என்னும் கப்பல் தென்னமெரிக்கக் கரையோரங்களை அளக்கச் செல்லவிருக்கின்றது. அதிற் செல்ல இயற்கையியல் ஆர்வமுள்ள ஒருவர் வேண்டும் என்பது செய்தி. அவ்வாய்ப்பை ஏற்கலாமா என்று ஹென்ஸ்லோவே எண்ணிப் பார்த்தவர். குடும்பத்தை முன்னிட்டு விட்டுக்கொடுத்தார். அக்கடிதத்தில் அவர் டார்வினை மிகைப்படப் புகழவில்லை. தேர்ந்த இயற்கையியலாளர் என்று கருதிப் பரிந்துரைக்கவில்லை என்றும், சேகரிப்பதற்கும் நோக்குவதற்கும் குறித்துக்கொள்வதற்கும் போதிய தகுதியுண்டு என்றும் அளந்து எழுதினார். மாணவனின் இன்றைய ஆற்றலை உள்ளவாறு எடுத்துரைக்கும் இத்தகைய சொல், நூறு பாராட்டிலும் மேலானது.

தந்தையார் மறுத்தார். மறுபடியும் ஒரு தொழில் மாற்றமா என்பது அவருடைய மறுப்புகளுள் ஒன்று. ஆயினும், அறிவுள்ள ஒருவரேனும் இப்பயணம் தக்கதென்று கூறுவாராயின் தாம் இசைவதாக ஒரு வழியையும் விட்டு வைத்தார். டார்வினின் தாய்மாமனாகிய ஜொசையா வெட்ஜ்வுட் அந்த ஒருவரானார். தந்தையாரின் எட்டு மறுப்புகளையும் டார்வின் எழுதிக் கொடுக்க, மாமனார் ஒவ்வொன்றுக்கும் நிதானமாக விடை எழுதி அனுப்பினார். தந்தையார் இசைந்தார். 1831 டிசெம்பர் 27ஆந் திகதி கப்பல் புறப்பட்டது.

இவ்வரலாற்றைக் கேட்டு, தடுமாறும் மாணவர் யாவரும் டார்வின் ஆவர் என எண்ணுதல் பேதைமை. மேதைகளின் சரிதத்தைச் சான்று காட்டுவதிலுள்ள ஆபத்தும் அதுவே. நோக்க வேண்டியவர் ஹென்ஸ்லோ; அவரோடு சேர்த்து அந்தத் தாய்மாமன்.

ஒரு பேராசிரியருடன் ஒரு மாணவன் நடந்து செல்லும் வாய்ப்பு, கல்லூரிகள் பெருத்தபோது இல்லாமற் போயிற்று. அமெரிக்காவில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் தலைவராக 1869 முதல் 1909 வரை விளங்கிய சாள்ஸ் எலியட், கட்டாயப் பாடங்களைப் படிப்படியாக நீக்கி, மாணவரே விரும்பியவற்றைத் தெரியும் முறையை வளர்த்தார். சுதந்திரம் வந்தது, கூடவே திகைப்பும் வந்தது. எளிய பாடங்களாகப் பொறுக்கிப் பட்டம் பெறுவோரும் தோன்றினர். அவருக்குப் பின்வந்த லோவெல், ஒரு துறையில் ஆழமும் பிற துறைகளிற் பரப்பும் வேண்டுமென விதித்தார். இன்று அந்நாட்டில் வழங்கும் முதன்மைப் பாடமுறை பெரிதும் இவ்வழி வந்தது. 1876இல் திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் தொடக்க காலத்திலேயே மாணவர்க்கு ஆசிரிய ஆலோசகர்களை நியமித்தது. தெரிவு பெருகிய இடத்தில் ஆலோசகர் பதவியும் தோன்றியமை தற்செயலன்று. 1979இல் கல்வி ஆலோசகர்களுக்கெனத் தேசிய சங்கமொன்றும் அங்கு நிறுவப்பட்டது.

பதவி தோன்றியதால் மட்டும் பணி நிறைவேறிவிடாது. விதிக்கோவையைப் புரட்டி, "இப்பாடத்துக்கு முன்னர் அப்பாடம் எடுத்திருக்க வேண்டும்" என்று சொல்வதோடு நின்றுவிடும் ஆலோசகர், நிலையத்திற் பயணச்சீட்டு வழங்குபவரை ஒத்தவர். எங்கே போவது என்று தெரியாது நிற்பவருக்கு அவரால் ஆவது சிறிதே. முடிவு செய்யாதவர் யாவரும் ஒரே காரணத்தால் அந்நிலையில் நிற்பவரல்லர் என்பதை முதலில் உணர வேண்டும். வரலாறும் புவியியலும் ஒருங்கே இனிக்கின்றமையால் ஒன்றைக் கைவிட மனமில்லாதவள் ஒருத்தி. அவளுக்கு வேண்டியது இரண்டையும் இன்னும் சிறிது காலம் கற்பதற்கான ஒழுங்கு. எப்பாடமும் பிடிக்கவில்லை என்பவன் வேறொருவன். உணவுச்சாலைக் கட்டணமும் வீட்டுக் கடனும் மனத்தை அரிக்கும்போது எந்தப் பாடந்தான் பிடிக்கும்? விரும்பிய பீடத்துக்குப் புள்ளி போதாமல், கிடைத்த பீடத்துக்கு வந்து, இழந்ததையே எண்ணிக்கொண்டிருப்பவர் இன்னொரு வகையினர். இவர்களுக்குத் தெரிவைப் பற்றிப் பேசுமுன் அந்த இழப்பைப் பற்றிப் பேச வேண்டியுள்ளது. வீட்டார் முடிவு செய்துவிட்டபடியால் தானாக எண்ணிப் பார்த்தேயிராதவரைக் கண்டறிவது எல்லாவற்றிலும் கடினம். அவர் ஆலோசகரிடம் வருவதில்லை; முடிவு செய்தவரின் பட்டியலில் அமைதியாக இருக்கின்றார்.

இலங்கை மாணவருக்குக் கதவுகள் முற்கூட்டியே மூடத் தொடங்கிவிடுகின்றன. க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை முடிந்து, பதினாறு வயதளவில், கலையா வணிகமா பௌதிக விஞ்ஞானமா உயிரியல் விஞ்ஞானமா தொழினுட்பமா என்று பிரிய வேண்டியிருக்கின்றது. பெறுபேற்றில் ஒரு சிறப்புச் சித்தி கூடிற்றா குறைந்ததா என்பதே பல வீடுகளில் அத்தெரிவைச் செய்துவிடுகின்றது. பல்கலைக்கழகத்துட் புகுந்த பின்னர் உண்மையான தெரிவுக்கு ஓரளவேனும் இடந்தருவன கலைப்பீடங்களாகும். அங்குப் பொதுவாக முதலாண்டிற் பல பாடங்களைக் கற்று, அதன்பின் ஒன்றிற் சிறப்புப் பட்டமா, பலவற்றிற் பொதுப் பட்டமா என்று தீர்மானிக்கும் முறை உண்டு. சமூகவியல், மெய்யியல், தொல்லியல், மொழியியல் முதலியவற்றைப் பாடசாலையில் தனிப்பாடமாகக் கற்றிராத மாணவி, அவற்றை முதன்முதலாகச் சந்திப்பதும் அந்த ஓராண்டிலேயே. சந்தித்த உடனேயே பிரிவா உறவா என்று அவள் கூற வேண்டியிருப்பது கொடிது. சிறப்புப் பட்டத்துக்கு அனுமதி முதலாண்டுப் புள்ளிகளையும் இடங்களின் அளவையும் பொறுத்தது. ஆகவே தெரிவைத் தள்ளிப் போடலாம், உழைப்பைத் தள்ளிப் போடலாகாது என்பதை அவளுக்கு முதல் மாதத்திலேயே எவரேனும் சொல்லியிருத்தல் வேண்டும். புள்ளி குறைந்தபின் சொல்வது ஆலோசனை ஆகாது, அனுதாபம் ஆகலாம்.

பெற்றோர் அஞ்சுவதும் வீணன்று. ஒரு பிள்ளையின் படிப்புக்காகக் காணியை ஈடுவைத்த குடும்பத்தில், "இன்னும் ஓராண்டு பார்க்கலாம்" என்னும் சொல்லுக்கு விலை உண்டு. அப்பிள்ளைக்கும் தந்தைக்குமிடையே, மறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து விடை கூறத்தக்க ஒரு மாமனோ ஆசிரியரோ வேண்டும். முன்னர்க் கற்றது வீணாகிவிடும் என்பதே அம்மறுப்புகளுள் முதன்மையானது. மேதைகளைச் சான்று காட்டல் ஆபத்து என மேலே கூறப்பட்டதாயினும், இம்மறுப்புக்கு விபுலாநந்த அடிகளை நினையாதிருத்தல் இயலாது. காரைதீவிற் பிறந்த அவர் 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். 1947இல் வெளிவந்த யாழ்நூலில் நரம்பின் நீளத்தையும் சுரங்களின் அளவையும் கணித்துக் காட்டியபோது, பழைய விஞ்ஞானப் பயிற்சியே தமிழிசைக்குக் கைகொடுத்தது.

நமது பல்கலைக்கழகங்களில் மாணவர் ஆலோசகராகக் கடமையாற்றும் விரிவுரையாளர் உளர். விடுதி, உதவிப்பணம், ஒழுக்கம் என அவர்தம் நேரத்தைக் கவரும் கருமங்கள் பல. பாடத் தெரிவுக்கென்று பெருஞ்செலவு எதுவும் அவரிடம் எதிர்பார்க்கப்படவில்லை. ஒவ்வொரு துறையின் மூன்றாம் ஆண்டுப் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள் ஒன்றையும் முதலாண்டு மாணவியின் கையிற் கொடுத்து, அவ்வினாக்களுள் எவற்றுக்கு விடை காண மனம் அவாவுகின்றது என்று குறித்து வரச் சொல்லலாம். அத்துறையிற் பயிலும் மூத்த மாணவர் ஒருவரோடு ஒரு மணி நேரம் பேச வைக்கலாம். விண்ணப்பப் படிவம் கொடுக்கப்படும் கிழமையில் வரிசையில் நிற்கும்போது இவை செய்ய இயலா. முதலாண்டின் நடுப்பகுதியில், விடுமுறைக்கு வீடு செல்லுமுன், செய்து முடித்தல் நன்று. அப்பொழுது பெற்றோரிடம் காட்டுவதற்கு அவளிடம் ஒரு தாளேனும் இருக்கும்.