பட்டம் பெற்ற பாதங்கள்



அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், கறுப்பின வரலாற்றுத் திங்களாகிய பிப்ரவரியில், மாணவர் நடனக் குழுவினர் தம் முன்னோடிகளைப் போற்றி ஆடுகின்றனர். அம்முன்னோடிகளுள் பட்டம் பெற்ற பெண்மணிகள் இருவரைப் பற்றிக் கூற விழைகிறேன்.

கேத்தரின் டன்ஹாம் அம்மையார் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பயின்றவர். 1935-இல் ஜமைக்கா, ஹெயிட்டி முதலிய தீவுகளுக்குச் சென்றார். அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் ஆடிய ஆட்டங்களை அவர்களிடையே தங்கிக் கற்றார். பின்னர் அவற்றை உலக மேடைகளில் ஏற்றினார். 1944-இல் லூயிவில் நகர அரங்கில் ஆடி முடித்தவுடன், கறுப்பினத்தவரைப் பிரித்து அமர்த்தும் வழக்கம் ஒழியும்வரை அங்கு மீண்டும் ஆடுவதில்லை என்று அவையோரிடமே அறிவித்தார்.

பேர்ல் பிரைமஸ் அம்மையார் 1940-இல் உயிரியலில் பட்டம் பெற்றார். நிற வேற்றுமையால் ஆய்வுக்கூடங்கள் அவருக்கு வேலை மறுத்தன. அவர் நடனத்தை ஏற்றார். 1944-இல் தென் மாநிலங்களில் உழைப்பாளரோடு தாமும் பருத்தி பறித்து, அவர்தம் வாழ்வை அறிந்தார். படிப்பையும் கைவிட்டாரில்லை, 1978-இல், தம் 58-ஆம் வயதில், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

இளைஞர்களே! நாலெழுத்துக் கற்றதும் பாட்டன் பாட்டியின் ஆட்டத்தையும் பாட்டையும் சொல்லக் கூசுவோர் நம்மிடையே உண்டு. கல்லூரி நாள்களில் நானும் கூசியவனே. அவ்விருவருக்கோ கல்வி, தம் மக்களிடம் திரும்பிச் செல்லும் வழியாயிற்று. நம் கல்வியும் அவ்வாறே ஆகுக!