கோணான்குப்பத்து முனிவர்



பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலத்தை அடுத்துள்ளது கோணான்குப்பம். அங்குள்ள மாதா திருவுருவம் தமிழ்ப்பெண்ணின் சேலைக் கோலத்தில் விளங்குகிறது. பெயரும் பெரியநாயகி. திருமுதுகுன்றத்து அம்மையின் திருநாமமும் அதுவே என்பதை இவ்வூரார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அக்கோயிலை எழுப்பியவர் வீரமாமுனிவர்.

இத்தாலியில் 1680-இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, இயேசு சபைத் துறவியாய் 1710-இல் கோவா வந்திறங்கினார். 1711-இல் தமிழகம் புகுந்தார். 1747-இல் மறையும்வரை தாய்நாடு திரும்பவில்லை. அவர் காவி உடுத்ததையும் புலால் துறந்ததையும் மேடைதோறும் வியக்கிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மதுரையில் தத்துவபோதகர் காட்டிய வழி அது. வியப்பதற்குரியது வேறு.

பழைய வழக்கில் எகர ஒகரக் குறில்களே புள்ளி பெற்றன. ஓலையில் எழுதியோர் புள்ளியை விட்டுவிட, குறிலும் நெடிலும் ஒரே வடிவாயின. எரியா, ஏரியா என்று இடம் நோக்கி உணரவேண்டிய நிலை. இம்மண்ணில் பிறந்தவர்க்கு அது இடராகத் தோன்றவில்லை. நாவும் செவியும் முன்பே பழகியிருந்தன. வேற்றுமொழியாளர்க்கோ அடிதோறும் தடுமாற்றம். முனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் வகுத்தார். நாம் இன்று எழுதும் ஏகாரமும் ஓகாரமும் ஓர் அயலவரின் இடர்ப்பாட்டில் விளைந்தவை.

அகராதியும் அவ்வாறே. நிகண்டுகள் செய்யுளாய் இருந்தன; மனனம் செய்தவர்க்கே பயன்பட்டன. இளமையில் மனனம் செய்யும் வாய்ப்பற்றவர், 1732-இல் சொற்களை அகரவரிசையில் நிறுத்திச் சதுரகராதி தந்தார்.

மதம் பரப்பவே அவர் வந்தார். அதை மறைத்துப் புகழ்வது முறையன்று. ஆயினும் அந்நோக்கிற்குத் தேம்பாவணியின் 3615 பாடல்கள் வேண்டியதில்லை. பேச்சுத் தமிழை அறிஞர் பொருட்படுத்தாத காலத்தில் அதற்கு இலத்தீனில் இலக்கணம் வரைந்தார். கொடுந்தமிழ் என்று புலவர் ஒதுக்கிய மொழி, களத்துமேட்டிலும் சந்தையிலும் வழங்கிய மொழி.

தரங்கம்பாடியிலிருந்த லுத்தரன் சபையாரோடு அவர் கடுமையாக வாதிட்டவர். அவர்களை மறுத்து நூல்களும் எழுதினார். அந்தக் கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் அச்சேற்றியது, அதே தரங்கம்பாடி அச்சகம்.