நம் பள்ளிகளும் விலையில்லாக் கருவிகளும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வகுப்பறையிலும் பள்ளி நூலகத்திலும் விலையின்றிக் கிடைக்கும் கணினிக் கருவிகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். வாழ்த்துரைகளை மற்றவர் வழங்கிவிட்டமையால் நேரே பொருளுக்கு வருகிறேன்.

இம்மலைக்கு நூலகம் புதிதன்று. உதகையில் நீலகிரி நூலகம் 1859இலேயே தோன்றியது. சந்தா கட்டும் உறுப்பினர்க்குரியதாக அது அமைந்தது. கொழுந்து பறித்து நாட்கூலி பெற்றவருக்குச் சந்தாவுக்குப் பணம் ஏது? இதே மலையில் வாழ்ந்த பண்டிதர் அயோத்திதாசர் 1891இல் திராவிட மகாஜன சபையைக் கூட்டினார். பின்னர் 1907இல் சென்னையில் இதழ் தொடங்கியபோது, அதற்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர் வைத்தார். விலையையே பெயராக்கினார் பாருங்கள்! வாங்க இயலாதவன் கைக்குப் படிப்பு எவ்வாறு போய்ச் சேரும் என்ற கவலை அப்பெயரிலேயே இருக்கிறது.

இன்று அந்த ஒரு பைசாவும் வேண்டாம் என்கிறார்கள். அது பாதி உண்மையே. 2011இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் அச்சாயின. 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. இவையெல்லாம் நல்லவையே, நான் குறை கூறவில்லை. ஆனால் 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது நடந்ததை நாம் அறிவோம். கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லைன் வீட்டிலிருந்து தேயிலைச் சரிவின் உச்சிப் பாறைவரை ஏறி, அப்பனின் கைப்பேசியைத் தலைக்குமேல் பிடித்து நின்ற பத்தாம் வகுப்புப் பிள்ளையை நான் கண்டேன். பாடம் இலவசம்தான். அலைவரிசையும் தரவுக் கட்டணமும் இலவசமல்லவே! மழை வந்தது, பிள்ளை இறங்கிவிட்டாள், வகுப்பும் போயிற்று.

ஆகவே நமக்கு வேண்டியவை இணையமின்றி இயங்கும் கருவிகள். அவை இருக்கின்றன. கிவிக்ஸ் என்னும் மென்பொருள், விக்கிப்பீடியாவை முழுமையாக ஒரு நினைவட்டையில் இறக்கி வைத்துக்கொள்ள உதவுகிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளும் அதில் அடங்கும். ராஸ்பெரி பை என்று ஒரு கணினி உண்டு, சீட்டுக்கட்டளவே இருக்கும். நினைவட்டையை அதில் செருகினால், அறையிலுள்ள கைப்பேசிகள் கம்பியின்றி அதனோடு இணைந்து படிக்கலாம். வெளியுலகத் தொடர்பே வேண்டியதில்லை. ஆடி மழையில் மின்சாரம் போனாலும், கைப்பேசிக்கு மின்னேற்றும் மின்கலமே அதை இயக்கப் போதும். பாடக் காணொளிகளையும் பயிற்சிகளையும் இவ்வாறே கொலிப்ரி என்னும் மென்பொருள் வழங்குகிறது. ஆய்வகமில்லாத பள்ளிக்கு ஃபெட் பயன்படும். கொலராடோ பல்கலைக்கழகத்தார் 2002இல் தொடங்கிய இதில், மின்சுற்றையும் ஊசலையும் திரையிலேயே அமைத்து, மாற்றி, மீண்டும் செய்து பார்க்கலாம். கம்பி கருகுமோ என்ற அச்சமில்லை. ஆனாலும் மெய்யான ஊசலைக் கட்டித் தொங்கவிட ஒரு நூலும் கல்லும் போதும், அதையும் செய்யுங்கள்.

நூலகத்துக்கு கோஹா. நியூசிலாந்தின் ஒரு சிறு நூலகம், 2000ஆம் ஆண்டு பிறந்தால் தன் பழைய மென்பொருள் நின்றுவிடும் என்ற நெருக்கடியில் எழுதுவித்து, பின் உலகுக்கே கொடுத்துவிட்ட நிரல் அது. மாவோரி மொழியில் அச்சொல்லுக்கு, திரும்பச் செய்யவேண்டிய கொடை என்று பொருளாம். நமக்கு இதை விளக்க வேண்டுமா? மொய் எழுதி வளர்ந்தவர்கள் நாம்!

இனிக் கசப்பான ஒன்று. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் மூன்று கணினிகள் இரண்டாண்டு பூட்டிய அறையிலேயே இருந்தன. “பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள்” என்றனர். எந்தப் பிள்ளைகள் என்று நான் கேட்கவில்லை. கேளாமலே எனக்கு விளங்கிற்று. ஆனால் நம் சங்கத்துப் புத்தக அலமாரியின் சாவி எங்கே இருக்கிறது? செயலாளர் வீட்டில். அவர் வெளியூர் போனால் அம்பேத்கரும் அலமாரிக்குள்தான். இதையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும்.

வாங்குவோராகவே நாம் நின்றுவிடலாகாது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர் பலர் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதியே இணையத்தில் ஏற்றினர். இன்று விக்கிமூலத்தில் அப்பணி இன்னும் எளிது. ஒருபுறம் நூற்பக்கத்தின் படம், மறுபுறம் கணினி படித்தறிந்த எழுத்து. ஒருவர் ஒப்பிட்டுப் பிழை திருத்த, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கழிந்தால் அவர் நூல் பொதுச்சொத்து. பண்டிதர் மறைந்தது 1914இல். அவர் எழுத்தைத் திருத்திப் பகிர நாம் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ஒரு மாலையில் இரண்டு பக்கம் செய்யலாம். அந்த நடை கடினம்; பெரியவர்கள் அருகிலிருந்து உதவவேண்டும்.

செயற்குழுவின் முன் என் வேண்டுகோள் இது. விழாச் செலவில் மிஞ்சும் தொகையில் அந்தச் சிறு கணினியொன்று வாங்குவோம். சனி, ஞாயிறு மாலைகளில் நூலகத்தைத் திறந்து வைப்போம். சாவியைப் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பெண்பிள்ளைகள் இருவரிடம் கொடுப்போம். கருவி பழுதானால் அவர்களே கழற்றிப் பார்க்கட்டும். செலவை நான் ஏற்கிறேன்.